ஒரு கேப்ஸ்யூலுக்குள் மூன்று மருந்து

அம்மாவுக்கு 68 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நான்கு வருஷமாகிறது. போன பங்குனியில் வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தோம்.

எலும்பு டாக்டரின் சீட்டில், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை 5 நாள் முன்பே நிறுத்தும்படி எழுதியிருந்தது. அம்மா அன்று ராத்திரியே வழக்கமான கேப்ஸ்யூலை விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து ஃபிட்னஸ் வாங்க மயக்க மருந்து டாக்டரிடம் போனோம். அவர் பழைய கேப்ஸ்யூல் அட்டையைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் திருப்பினார். "கொலஸ்ட்ரால் மாத்திரையையும் நிறுத்திட்டீங்களாம்மா?" என்றார்.

பொடி எழுத்தில் மூன்று பெயர்கள்: ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, அடார்வாஸ்டாடின் 20. முதல் இரண்டும் ரத்தம் உறையாமலிருக்க, மூன்றாவது கொலஸ்ட்ராலுக்கு. அம்மாவுக்கு நிறுத்த வேண்டியது குளோபிடோக்ரெல் மட்டும். நாங்கள் மூன்றையுமே நிறுத்தியிருந்தோம். அம்மா முகம் வாடிவிட்டது. "பயப்படாதீங்க, இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்" என்று சொல்லி, இதய டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, ஆஸ்பிரினையும் அடார்வாஸ்டாடினையும் தனித்தனியாக எழுதிக்கொடுத்தார்.

கொஞ்ச நாள் கொலஸ்ட்ரால் மாத்திரை இல்லாவிட்டால் என்ன என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினார். அடார்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மருந்துகள் கொழுப்பைக் குறைப்பதோடு, ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்துவிடாமலும் காக்கின்றன. ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் இரண்டு மூன்று நாளில்தான் இதயத்துக்கு ஆபத்து அதிகம். அந்த நேரம் பார்த்துக் காவலை எடுத்துவிடக் கூடாது என்றார். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் தொடர வேண்டும் என்றுதான் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் 2014, 2024 வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. எல்லாக் கொழுப்பு மாத்திரைக்கும் இது பொருந்தாது. ஃபைப்ரேட் வகையைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்களாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று இரவு ஒரே வாந்தி, மாத்திரை எதுவும் தங்கவில்லை. மறுநாள் இரவு நர்ஸ் கொண்டுவந்த சின்னக் கிண்ணத்தில் வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக், கேஸ் மாத்திரை இருந்தன; அடார்வாஸ்டாடின் இல்லை. கேஸ் ஷீட்டில் அதை எழுதவே விட்டுப்போயிருந்தது. ஊசியாகப் போடவும் வழியில்லாத மருந்து அது. டியூட்டி டாக்டர் வரும்வரை வார்டு வாசலிலேயே நின்றேன். பார்த்ததும் எழுதிக்கொடுத்தார். பத்தரை மணிக்கு அம்மா ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினார்.

வீட்டுக்கு வரும்போது பழைய கேப்ஸ்யூலையே மறுபடி தொடங்கச் சொன்னார்கள். ஒரே மருந்து இரண்டு தரம் உள்ளே போய்விடாமல், தனியாக வாங்கிய இரண்டு அட்டைகளையும் மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன்.