தண்ணீர் திரும்பிப் போகிற வழி

2006-ல் பிச்சாவரத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை, கன்றுகளை எண்ணுவது. சுனாமி வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் ஓரளவு தப்பின, கடலுக்கு நேராக மணல்மேட்டில் இருந்த ஊர்கள் மோசமாக அடிபட்டன என்பதைக் கிள்ளைப் பக்கத்து மக்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். அதனால் கடலோரம் முழுக்க நட வேண்டும், உடனே நட வேண்டும் என்ற அவசரம். நான் சேர்ந்தது ஒரு சிறிய தொண்டு நிறுவனம். பெயர் இங்கே வேண்டாம். நான் பெரம்பலூர்ப் பக்கத்துப் பெண், தாவரவியல் படித்தவள். மானாவாரி நிலத்தில் வளர்ந்த எனக்குத் தண்ணீர் என்றால் வந்தால் போதும். அது திரும்பிப் போவதைப் பற்றி யோசித்ததே இல்லை.

பிச்சாவரத்தை வரைபடத்தில் பார்த்தால் வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டு ஆறுகளின் முகத்துவாரங்களுக்கு நடுவே, சிதம்பரத்துக்குக் கிழக்கே, சுமார் 1,100 ஹெக்டேர் சதுப்பு. அதற்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட திட்டுகள், அவற்றைப் பிரிக்கும் கால்வாய்கள், ஓடைகள். கடலுக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. சின்னவாய்க்கால் பக்கம் உள்ள திறப்பு வழியாகத்தான் கடல் உள்ளே வந்து போகிறது. கோடையில் அந்த வாயில் மணல் சேர்ந்து குறுகிவிடும். மேற்கே இருந்து கான்சாகிப் வாய்க்கால் போன்றவை வயல் வடிநீரைக் கொண்டுவருகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகள் பெருகினால் நன்னீர் மேலோங்கும். மற்ற மாதங்களில் கடல்தான் எஜமான்.

கடல் தண்ணீர் தினமும் ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்கிறோம். இங்கே ஓதத்தின் உயரம் ரொம்பக் குறைவு. சுந்தரவனத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பல மீட்டர் வித்தியாசம் இருக்கும். நம் கரையில் அது பெரிய ஓதத்திலேயே சுமார் ஒரு மீட்டர்தான். காட்டுக்குள் நுழைந்து வளைந்து வரும்போது இன்னும் குறைந்துவிடுகிறது. அதனால் தரை ஒரு சாண் மேடா, ஒரு சாண் பள்ளமா என்பதில் எல்லாமே மாறிவிடும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததற்கும் தெரிந்ததற்கும் நடுவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

படகுத்துறையில் இருந்து சுற்றுலாப் படகில் போகிறவர்கள் பார்ப்பது சுரபுன்னை. வளைந்து வளைந்து தண்ணீருக்குள் இறங்கும் தாங்குவேர்கள், மேலே குடை பிடித்த மாதிரி கிளைகள், நடுவே பச்சைக் குகை போல ஓடை. படத்தில் வருவதும் அதுதான். ஆனால் அது காட்டின் விளிம்பு மட்டும்தான். ஓடைக்கரையை ஒட்டிச் சில மீட்டர் அகலத்துக்குத்தான் சுரபுன்னை நிற்கும். அதை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தால் வெண்கண்டல் ஆரம்பித்துவிடும். பிச்சாவரத்தின் பெரும்பகுதி வெண்கண்டல்தான். தாங்குவேர் கிடையாது. சேற்றுக்குள் இருந்து விரல் தடிமனில் ஆயிரக்கணக்கான மூச்சுவேர்கள் நட்டமாக நிற்கும். வெறுங்காலோடு நடந்தால் ஒவ்வோர் அடியும் வலிக்கும். அதற்கும் அப்பால், மேடான நிலத்தில், சிவப்பும் பச்சையுமாக உமரிச் செடி. ஓடை ஓரங்களில் நரிக்கண்டல், கழுதைமுள்ளி. முள்ளின் நடுவே பூக்கும் கழுதைமுள்ளியின் ஊதாப் பூவை முதல் தடவை பார்த்த அன்று நோட்டில் ஒரு பக்கம் முழுக்க வரைந்து வைத்தேன்.

சுரபுன்னையில் இங்கே இரண்டு இனங்கள் இருக்கின்றன. இரண்டும் இயற்கையாகவே கலந்து உண்டான மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதைப் பிச்சாவரத்தில் இருந்து விவரித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கதிரேசன். அறிவியல் பெயரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரே இருக்கிறது. ரைசோபோரா அண்ணாமலையானா. அந்த மரத்தின் கீழ் படகை நிறுத்தி, 'இது நம்ம ஊர்ப் பேர் வெச்ச மரம்' என்று படகோட்டி அண்ணன் ஒருவர் எனக்குக் காட்டினார். அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு சொந்தம் இருந்தது.

சரி, கன்று எண்ணும் வேலைக்கு வருகிறேன்.

எங்களுக்குக் காட்டின் உட்பகுதியில், நிலத்தை ஒட்டி ஒரு திறந்த வெளியைக் காட்டினார்கள். மரமே இல்லை. ஓரத்தில் மட்டும் உமரி. நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கி நின்றது. எனக்குப் பார்த்ததும் சந்தோஷம். அலையாத்தி தண்ணீரில் வளரும் மரம்தானே, இதைவிட நல்ல இடம் எது? பாலித்தீன் பைகளில் வளர்த்த வெண்கண்டல் நாற்றுகளையும், சுரபுன்னைக் குச்சிகளையும் வரிசை பிடித்து நட்டோம். அறிக்கைக்கு எண்ணிக்கை வேண்டும், போட்டோ வேண்டும். இரண்டும் கிடைத்தன.

நட்ட இடத்தில் எங்களோடு கூலிக்கு வந்தவர்களில் ஒரு இருளர் அக்கா இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பிச்சாவரத்து இருளர்கள் வலை இல்லாமல், கையால் சேற்றைத் தடவியே இறால் பிடிப்பவர்கள். இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் நகர்ந்துகொண்டே, பிடித்ததைப் போட்டுவைக்கும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். கை இரண்டும் தரையில் இருக்கும். சேற்றின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவர்கள் விரல்நுனியில். அந்த அக்கா முதல் நாளே, "பாப்பா, இங்க நண்டு வளையே இல்ல, பாத்தியா?" என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். இல்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. 'ஆமாங்க்கா' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன்.

அடுத்த கோடைக்குள் கன்றுகளின் இலைகள் மஞ்சளாகி, கருகி, குச்சி குச்சியாக நின்றன. எண்ணும் வேலை எனக்குத்தான். கையில் நோட்டோடு வரிசை வரிசையாக நடந்து, உயிரோடு இருப்பவற்றை மட்டும் குறிக்க வேண்டும். பல வரிசைகளில் குறிக்க ஒன்றுகூட இல்லை. நான் தலையில் சுமந்து கொண்டுபோய் வைத்த கன்றுகள். அன்று திரும்பும்போது படகில் யாரோடும் பேசவில்லை.

அந்த அக்கா அப்புறம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஒரு கைப்பிடி சேற்றை அள்ளி என் மூக்கருகே நீட்டினார். அழுகிய முட்டை நாற்றம். "தண்ணி இருக்குது பாப்பா. ஆனா இது உள்ள வந்த தண்ணி. போவ வழியில்ல. நின்னு நின்னு உப்பாப் போச்சு" என்றார். தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். கசந்தது. அலுவலகத்தில் இருந்த உப்புமானியைக் கொண்டுவந்து பார்த்தோம். சாதாரணக் கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு சுமார் 35 பங்கு உப்பு இருக்கும். அந்தப் பள்ளத்தில் அதன் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது.

அது ஏன் அப்படி ஆனது என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இந்தக் காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் ஒட்ட வெட்டி, விறகுக்கும் மரத்துக்கும் எடுத்தார்கள். வெட்டிய இடம் தானாக முளைத்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் ஆவியாகி, களிமண் சுருங்கி, தரை தாம்பாளம் போலக் குழிந்தது. பெரிய ஓதத்தில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். வற்றும்போது வெளியேற முடியாது. வெயிலில் தண்ணீர் மட்டும் போகும், உப்பு தங்கும். இப்படி வருடக்கணக்கில். மாடு ஆடுகள் வெண்கண்டல் இலையை மேய்வதையும், ஆறுகளில் வரும் நன்னீர் குறைந்துபோனதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தத் தாம்பாளம்தான் முதல் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அங்கே எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் அவை சாகத்தான் செய்யும்.

நண்டு வளை ஏன் இல்லை என்று அப்போது புரிந்தது. நண்டே இருக்க முடியாத சேற்றில் நான் மரத்தை நட்டிருந்தேன்.

இதற்கான வழி ஏற்கெனவே பக்கத்திலேயே இருந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து இதே காட்டில் வாய்க்கால் வெட்டிச் சீரமைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தோம். இயற்கை ஓடையில் இருந்து பள்ளத்துக்குள் ஒரு பெரிய வாய்க்கால். அதன் இரண்டு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். ஓதம் ஏறும்போது புதுத்தண்ணீர் உள்ளே வரும். வற்றும்போது உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வெளியே போகும். ஒரு மழைக்காலம் அப்படிக் கழுவவிட்ட பிறகுதான் நடவு. அதுவும் பள்ளத்தின் நடுவில் இல்லை, வாய்க்கால் கரையின் சரிவில், பாதி உயரத்தில். ரொம்பக் கீழே நட்டால் கன்று மூழ்கும், ரொம்ப மேலே நட்டால் காயும்.

அடுத்த இரண்டு கோடையும் எனக்கு மண்வேலைதான். எங்களிடம் பெரிய அளவைக் கருவி கிடையாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலை வைத்து மட்டம் பார்த்தோம். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் தூரத்தில் பிடிப்பார். விரல்கடை வித்தியாசத்துக்காக ஒரு காலை முழுக்கச் சேற்றில் நின்றிருக்கிறோம். வாய்க்காலின் அடிமட்டம் ஓடையைப் பார்த்துச் சரிய வேண்டும். நடுவில் ஓரிடம் மேடாகிவிட்டால் அதற்கு உள்ளே மறுபடியும் தேங்கும். என் படிப்பில் செடிகளின் பெயர்கள் இருந்தன. இந்த மண்வேலை இல்லை. அதை அக்காவும், வயல் வரப்பில் வளர்ந்த மற்ற கூலிக்காரர்களும்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

வாய்க்காலைத் திறந்துவிட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஓடைப்பக்கம் விட்டுவைத்திருந்த கடைசி மண்கட்டை மண்வெட்டியால் கொத்தி எடுத்தார்கள். ஓதம் வற்றிக்கொண்டிருந்த நேரம். தேங்கிக்கிடந்த தண்ணீர் கறுப்பாக, நுரையோடு, நாற்றத்தோடு ஓடைக்குள் இறங்கியது. எல்லோரும் ஒதுங்கி நின்று பார்த்தோம். ஒருவரும் பேசவில்லை. அக்கா மட்டும் வாய்க்காலுக்குள் இறங்கி, ஓடும் தண்ணீருக்கு எதிரே கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடவில் இருந்து எனக்குப் பிடித்த விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும். முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்குவது காய் இல்லை, முளைத்த கன்று. காயும் குச்சியும் சேரும் இடத்தில் ஒரு வளையம் நிறம் மாறித் தெரிந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். லேசாகத் திருகினால் கையோடு வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிட வேண்டும். வெண்கண்டல் வேறு மாதிரி. அவரை விதை போலத் தட்டையாக, பருமனாக இருக்கும். மழைக்காலத்தை ஒட்டி விழுந்து மிதந்து வரும். தண்ணீரில் ஊறினால் மேல்தோல் தானாகக் கழன்றுவிடும். உள்ளே இரண்டு பச்சை இலைகள் மடித்து வைத்த துணி போல இருக்கும். உப்பைச் சமாளிப்பதிலும் இரண்டுக்கும் வேறு வேறு வழி. சுரபுன்னை வேரிலேயே பெரும்பாலான உப்பைத் தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. கோடைக் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் உப்புத்துகள் மின்னும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது அந்த இலையை நக்கிப் பார்ப்பதைத்தான்.

நக்கக் கூடாத இலை தில்லை. ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், தோலில் பட்டால் கொப்புளிக்கும். உதிரும் முன் அதன் இலைகள் சிவந்துவிடும். அப்போது காட்டில் தனியாகத் தெரியும். சிதம்பரத்தின் பழைய பெயரே தில்லை. கோயிலின் தலமரம் இதுதான். ஊரைச் சுற்றி இருந்ததாகச் சொல்லும் தில்லை வனம் இன்று அங்கே இல்லை. மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும். நடராசர் கோயிலுக்கு வருகிற ஒவ்வொருவரும் இந்தக் காட்டுக்கும் ஒருமுறை வந்து தில்லையைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கஜா புயல் 2018 நவம்பர் 16-ம் தேதி கரை கடந்த பிறகு, சில வாரங்கள் முத்துப்பேட்டைக்குப் போயிருந்தேன். காவிரியின் கிளையாறுகள் பாமணியாறு, கோரையாறு என்று வந்து முடிகிற அந்தக் காயலைச் சுற்றி பெரும்பாலும் வெண்கண்டல் மட்டும்தான். கண்ணுக்கெட்டிய தூரம் இலையே இல்லை. பழுப்பு. அங்கேயும் நான் முதலில் பார்த்தது தண்ணீரைத்தான். விழுந்த மரங்கள் வாய்க்கால்களை அடைத்திருக்கின்றனவா, ஓதம் உள்ளே போய் வருகிறதா என்று. போய் வந்த இடங்களில் சில அடிமரங்களில் துளிர் இருந்தது. வெண்கண்டல் வெட்டுப்பட்டாலும் துளிர்க்கக் கூடிய மரம். சுரபுன்னைக்கு, முற்றிய கட்டையில் இருந்து துளிர்க்கும் அந்தத் திறமை கிடையாது.

உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களுக்குத் தரும் ராம்சார் தகுதி பிச்சாவரத்துக்கு 2022-ல் கிடைத்தது. அந்த வருடம் நானும் பழைய இடத்தைப் பார்க்கப் போனேன். நாங்கள் வெட்டிய வாய்க்காலின் இரண்டு கரையிலும் வெண்கண்டல் என் தலைக்கு மேல் நின்றது. நடுவில் நாங்கள் நடாத இடங்களிலும் கன்றுகள், ஓதம் கொண்டுவந்து போட்ட விதைகளில் இருந்து முளைத்தவை. ஆனால் வாய்க்கால் பாதி தூர்ந்திருந்தது. வண்டல் படிந்து படிந்து அடிமட்டம் உயர்ந்துவிட்டது. சில வருடங்களுக்கு ஒருமுறை தூர்வாராவிட்டால் அது மறுபடியும் தாம்பாளம்தான். தூர்வாரப் பணம் கேட்டால் யாருக்கும் ஆர்வம் வருவதில்லை. கன்று நட என்றால் உடனே வருகிறார்கள். இது எனக்கு இன்னமும் ஆறாத வருத்தம்.

அக்கா அப்போது காட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தார். முழங்கால் வலி. அவர் மகள்தான் என்னோடு வந்தாள். சேறு ஏறிய இடத்தில் நான் குச்சியை ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து, கையைச் சேற்றில் விட்டுத் தடவி, "இங்க வளை இருக்குதுக்கா" என்றாள். ஓதம் வற்ற ஆரம்பித்திருந்தது. மிதந்துகொண்டிருந்த ஒரு மஞ்சள் இலை ஓடையைப் பார்த்து மெதுவாக நகர்ந்தது. அது தூர்ந்த மேட்டைத் தாண்டுகிறதா என்று நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். தாண்டியது.