மதர்மார் வந்திறங்கிய கரையும் அன்னம்மாள் சந்நிதியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஆண்டுதோறும் வேன் பிடித்து புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்குப் போவது எங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பழக்கம். ஜூலை 26 மரியாளின் தாய் புனித அன்னம்மாளின் திருநாள். அதற்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபமான நவநாளில் ஒரு நாளாவது போய் மெழுகுவர்த்தி ஏற்றாவிட்டால் எங்களுக்கு அந்த வருஷமே குறைப்பட்ட மாதிரி இருக்கும். இந்த முறை அக்கா வேறு ஒன்று சொன்னாள். "மொதல்ல பினாங்குக்குப் போவோம். கான்வென்ட் நடத்துன மதர்மாருங்க வந்து எறங்குன எடத்தப் பாக்கணும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்கல்ல?"

அம்மா போய்ப் பத்து மாதமாகிறது. அவருடைய ஜெபமாலை டப்பாவைத் திறந்தபோது அடியில் ஒரு பழைய பேட்ஜ் கிடைத்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எனாமல் அங்கங்கே உதிர்ந்திருந்தாலும் சிலுவையும், திறந்த புத்தகமும், நூல் சுற்றிய தக்கிளியும் தெளிவாகத் தெரிந்தன. ஈப்போ கான்வென்ட்டில் படித்தபோது சட்டையில் குத்திக்கொண்டது. அந்தப் பள்ளியின் பிரெஞ்சு வாசகத்தை அம்மா தமிழில் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்: "கொணத்துல எளிமையா இரு, கடமையில உறுதியா நில்லு."

பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டு என்ற ஆள்கணக்கு, அப்புறம் மரம், வாளி, ஸ்டோர். சம்பள நாளில் கைநாட்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டதை அடுத்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்கார அரசின் அவசரகாலம் வந்தது. அம்மாவின் சிறுவயது முழுக்க முள்வேலியும் ஊரடங்கும்தான். மாதம் ஒருமுறை தோட்டத்துக்கு வந்து பூசை வைத்த கத்தோலிக்கச் சாமியார்தான் ஈப்போ மதருக்குக் கடிதம் எழுதி, அம்மாவைப் போர்டிங்கில் சேர்த்துவிட்டார். முதல் லீவுக்கு வீடு வந்த பிள்ளை, லயத்து வீட்டு வாசலில் பாட்டியை உட்காரவைத்து, சிலேட்டில் அவர் பெயரை எழுதப் பழக்கியிருக்கிறது. அடுத்த சம்பளத்துக்குத் தோட்டக் கணக்கரான கிராணி வழக்கம்போல மை டப்பாவைத் தள்ளினாராம். பாட்டி, "பேனாவக் குடுங்கய்யா" என்றாராம்.

இதை அம்மா எத்தனையோ முறை சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் 'பேனா' என்ற சொல்லில் குரல் உடையும்.

அதிகாலை நான்கு மணிக்கு வேன் புறப்பட்டது. அக்கா, நான், அக்காவின் பத்து வயதுப் பேத்தி, பக்கத்து வீட்டுக் குடும்பம். தைப்பிங் தாண்டும்வரை ஜெபமாலை. பினாங்குத் தீவுக்குப் போகும் பாலத்தைக் கடக்கும்போது வெளுக்கத் தொடங்கியிருந்தது.

லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட் கடலோரத்தில் இருக்கிறது. வெள்ளைச் சுவர், பெரிய மரங்கள். அனுமதி வாங்காமல் போனதால் உள்ளே போக முடியவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றோம். அம்மா சொன்னதும் நான் படித்ததுமாக, எனக்குத் தெரிந்த கதையைப் பிள்ளைக்குச் சொன்னேன்.

பிரான்சில் ருவான் பக்கம் நிக்கோலா பாரே என்றொரு துறவி இருந்தார். 1662இல் ஏழைப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளிகள் தொடங்கினார். அந்த வேலையிலிருந்து பிறந்ததுதான் குழந்தை இயேசு சகோதரிகள் சபை. 1999இல் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது. அவர் காலத்துக்கு இருநூறு ஆண்டு கழித்து, அந்தச் சபையின் முதல் குழு இந்தப் பக்கம் கப்பல் ஏறியது. அதற்குத் தலைவியாக வந்த மதர் கரையைப் பார்க்கவில்லை, வழியிலேயே இறந்துபோனார். மற்றவர்கள் 1852இல் பினாங்கு வந்து சேர்ந்தார்கள். சூயஸ் கால்வாய் வெட்டாத காலம் அது. அதே வருஷம் அக்டோபரில், பொறுப்பை ஏற்க மதர் மத்தில்ட் ராக்லோ வந்தார். அப்போது அவருக்கு வயது 38. 1854இல் சிங்கப்பூர் போய் அங்கும் பள்ளி தொடங்கினார். 1872இல், 58 வயதில், ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். 1911இல் யோக்கஹாமாவில்தான் கண்மூடினார். பினாங்கில் ஊன்றிய வேர்தான் 1899இல் கோலாலம்பூருக்கும் 1907இல் ஈப்போவுக்கும் போனது.

"கப்பல்ல செத்துப்போன மதர் பேரு என்ன, பாட்டி?" என்று பிள்ளை அக்காவைக் கேட்டாள். அக்காவுக்குத் தெரியவில்லை. "நாம அவங்களுக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏத்துவோம்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. பள்ளி கட்டியவர்களை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. கட்டப் புறப்பட்டு, வந்து சேராதவரை யார் நினைக்கிறார்கள்?

இந்தச் சுவருக்குள் நடந்தது படிப்பு மட்டுமல்ல. 1943இல் 'கிரனேடியர்' என்ற அமெரிக்க நீர்மூழ்கியிலிருந்து ஜப்பானியர் பிடித்த மாலுமிகளை இங்கேதான் அடைத்து வைத்தார்கள். அவர்கள் சுவரில் கீறிய பெயர்களைப் பிற்பாடு பாதுகாத்து வைத்திருந்தார்கள்.

கான்வென்ட்டுகள் நம் பெண்களுக்கு இங்கிலீஷைக் கொடுத்து தமிழை வாங்கிக்கொண்டன என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. அம்மாவின் தோழிகள் சிலருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் அம்மா கடைசி நாள்வரை தமிழ் ஜெபப் புத்தகத்தைத்தான் கையில் வைத்திருந்தார். வீட்டில் விதை இருந்தால் பள்ளி அதைப் பிடுங்கிவிடாது என்பது என் நம்பிக்கை.

பக்கத்திலிருக்கும் விண்ணேற்பு அன்னை ஆலயத்தில் சற்று நேரம் மண்டியிட்டுவிட்டு, மறுபடி பாலம் ஏறினோம்.

புக்கிட் மெர்தாஜாமில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பெரிய கோயில் 2002இல் கட்டியது. 2019இல் அதற்குத் திருச்சபையின் பசிலிக்கா என்ற உயர்தகுதி கிடைத்தது. எனக்கு மனம் ஒட்டுவது என்னவோ மேட்டிலிருக்கும் 1888ஆம் ஆண்டுப் பழைய கோயிலில்தான். எங்கள் ஊரில் மூண்ட அந்த அவசரகாலம் இந்தக் கோயிலையும் விடவில்லை. இந்த இடம் கம்யூனிஸ்ட் நடமாட்டமுள்ள 'கறுப்புப் பகுதி'யாகி, கோயில் ஆளில்லாமல் கிடந்தது. அந்த வருஷங்களில் பாட்டி வீட்டிலேயே விளக்கேற்றி நவநாள் சொன்னாராம்.

அன்னம்மாளைத் தன் மகள் மரியாளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் தாயாக வரைவது திருச்சபையின் பழைய வழக்கம். அம்மாவின் ஜெபப் புத்தகத்துக்குள் அப்படியொரு படம் இருக்கிறது, ஓரம் மஞ்சளாகி. தாயே, எங்கள் வீட்டில் பிள்ளைதான் தாய்க்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது; அதையும் நீதானே நடத்திவைத்தாய் என்று சொல்லி மூன்று மெழுகுவர்த்தி ஏற்றினேன். பாட்டிக்கு, அம்மாவுக்கு, கடலில் போன அந்த மதருக்கு. பேட்ஜை மெழுகுவர்த்திகளின் பக்கத்தில் சற்று நேரம் வைத்திருந்து எடுத்துக்கொண்டேன்.

மன்றாட்டுச் சீட்டு எழுதும் மேசையில் கைலிக்காரப் பாட்டி ஒருவர், வெறும் தாளை வைத்துக்கொண்டு யாரையோ தேடினார். எங்கள் பிள்ளையைப் பார்த்ததும், "பாப்பா, தமிழ் எழுதுவியா?" என்றார். அவள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகனுக்கு வேலை, மருமகளுக்குச் சுகப்பிரசவம், தன் முழங்கால் என்று பாட்டி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நாக்கை ஓரமாய்க் கடித்துக்கொண்டு எழுதினாள். முடித்ததும் தாளைத் திருப்பி வைத்து, பேனாவைப் பாட்டியிடம் நீட்டினாள்.

"பேர மட்டும் நீங்க போடுங்க, பாட்டி. நான் காட்டித் தரேன்."

வேன்காரர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார். அக்கா கையை உயர்த்தி, சற்றுப் பொறுக்கச் சொன்னாள்.