ஒன்பது தடிகளும் என் ஒரு தடியும்

எங்கள் வீட்டுப் பூஜை அறை மூலையில் ஒன்பது மூங்கில் தடிகள் சாய்ந்து நிற்கின்றன. என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி மலைக்குப் போய்வந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்று. மலையேறி இறங்கிய தடியைத் தூக்கி எறியக் கூடாது, வீட்டில் வைத்துக் கும்பிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஒன்பதையும் எடுத்துத் துடைத்து, விபூதி பூசி, திரும்பச் சாய்த்து வைப்பது என் வேலை. மூலை நிறைய மலை இருந்தது. நான் ஏறியதில்லை.

அடிவாரம் வரை போயிருக்கிறேன். அவர் மேலே போவார். நான் பிள்ளைகளோடு பூண்டிக் கோயிலில் வெள்ளியங்கிரி ஆண்டவரையும் மனோன்மணி அம்மனையும் கும்பிட்டுவிட்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். 10 வயதுக்கு உட்பட்ட சிறுமிகளும் 50 வயது கடந்த பெண்களும்தான் மலையேறலாம் என்பது நெடுநாள் வழக்கம். இதைப் பற்றி என் மகளுக்கு வேறு கருத்து உண்டு. ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். நான் சண்டை போடவில்லை. வயதை எண்ணிக்கொண்டிருந்தேன். 50 ஆகிறதே என்று மற்றவர்கள் கவலைப்படுவார்கள், நான் கேக் வெட்டாத குறைதான்.

50 வந்தபோது மாமியார் படுக்கையில் இருந்தார். அப்புறம் வீட்டுக்காரருக்கு முட்டி ஆபரேஷன். கடைசியில் 53-ல்தான் வாய்த்தது. மகன், அவனுடைய சிநேகிதர்கள் இரண்டு பேர், 58 வயதான என் அக்கா, நான். அவர் அடிவாரத்தில் இருப்பதாக ஏற்பாடு.

மலை திறந்திருப்பது பிப்ரவரி முதல் மே வரை. 2024 சீசனில் மலையேறப் போனவர்களில் சிலர் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் இறந்துபோன செய்தி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பயம் உண்டு. அதனால் அக்காவும் நானும் ஈசிஜி எடுத்து, பிரஷர் பார்த்து, இரண்டு மாதம் காலையில் நடந்து பழகினோம். டாக்டர் ஒன்றே ஒன்று சொன்னார்: பேசிக்கொண்டே ஏறுங்கள், பேச முடியவில்லை என்றால் உட்காருங்கள். அக்காவோடு போகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வைத்தியம் கிடையாது.

பங்குனி வளர்பிறையில், பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னால் கிளம்பினோம். சித்ரா பௌர்ணமிக்கும் சிவராத்திரிக்கும் கூட்டம் தாங்காது. கோயம்புத்தூரிலிருந்து பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் என்று மேற்கே போகப்போக, பாக்குத் தோப்புகளுக்கு மேலே மலை ஒரு சுவர் மாதிரி எழுந்து வந்தது. உச்சியில் மேகம். வெள்ளி மலை என்று பேர் வைத்தவர்கள் மேகத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். தென்கயிலை என்றும் சொல்வார்கள்.

அடிவாரத்தில் வனத்துறையினர் பையைத் திறந்து பார்த்தார்கள். பிளாஸ்டிக் கவர், தீப்பெட்டி எதுவும் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். இறங்கிவந்து பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். அக்கா பிளாஸ்டிக் கவரில் கட்டிக்கொண்டு வந்திருந்த முறுக்கு, புடவை முந்தானைக்கு மாறியது.

தடிக் கடையில் அவர் எனக்காக ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தார். கணு நெருக்கமாக இருக்க வேண்டும், நெஞ்சு உயரத்துக்கு இருக்க வேண்டும், ரொம்பப் பச்சையாக இருக்கக் கூடாது. ஒன்பது வருட அனுபவம். தேர்ந்தெடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, "பாத்துப் போ அம்மிணி, அவசரமே இல்ல" என்றார். நான் வருடாவருடம் அவரிடம் சொன்ன அதே வார்த்தை. அதை எவ்வளவு லேசாகக் காதில் வாங்கிக்கொண்டு அவர் போனாரோ, அவ்வளவு லேசாகத்தான் நானும் போனேன்.

இரவு எட்டரைக்கு முதல் படி. வெயிலில் ஏறுவதைவிட இரவு நல்லது என்று எல்லோரும் அந்த நேரத்துக்குத்தான் வருகிறார்கள். யானை நடமாடும் காடு, கூட்டத்தோடு போவதுதான் உத்தமம்.

ஏழு மலை. ஒரு வழி சுமார் ஆறு கிலோமீட்டர்தான். கேட்டால் சின்னதாக இருக்கும். ஆனால் முதல் மலை இருக்கிறதே, அது ஆளைச் சோதித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறது. முழுக்கக் கருங்கல் படி. ஒவ்வொன்றும் ஒரு உயரம்; ஒரு படி முழங்காலுக்கு, அடுத்தது கணுக்காலுக்கு. காற்றே கிடையாது. அரை மணியில் ரவிக்கை நனைந்து, டாக்டர் சொன்ன பேச்சு நின்றுபோய், அக்காவும் நானும் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். எங்களைத் தாண்டி வாலிபப் பையன்கள் வெறுங்காலோடு கோஷம் போட்டுக்கொண்டு ஏறினார்கள். அதில் ஒரு பையன் நின்று, "முதல் மலை முடிஞ்சா பாதி முடிஞ்ச மாதிரி சாமி, வாங்க" என்றான். பொய் என்று தெரிந்தும் எழுந்தோம். மேலே வெள்ளைப் பிள்ளையார் கோயிலைத் தொட்டபோது மணி பத்தேமுக்கால். கடையில் சுக்குக் காபி. அந்தக் காபிக்கு இணையாக நான் எதுவும் குடித்ததில்லை என்று அப்போது நினைத்தேன். பாம்பாட்டி சுனைக்கு இன்னும் போகவில்லை அல்லவா.

இரண்டாவது மலையில் வழுக்குப்பாறை. பாறையிலேயே படி செதுக்கியிருக்கிறார்கள். மகன் டார்ச்சைக் காலடியில் பிடிக்க, தடியை முதலில் ஊன்றி, அப்புறம் கால் வைத்து ஏறினேன். தடி என்பது துணைக்கு இல்லை, மூன்றாவது கால் என்பது அங்கேதான் புரிந்தது.

பாம்பாட்டி சுனைத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறந்த ஊர் நொய்யல் கரையில், திருப்பூருக்குக் கீழே. என் சின்ன வயதில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்திருக்கிறோம். பிறகு சாயத் தண்ணீர் இறங்கி, ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் ஓடி, கிணறெல்லாம் உப்பாகி, தென்னை காய்ந்து, 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்த நொய்யல் பிறப்பது இந்த மலைத்தொடரில்தான். நள்ளிரவில் கையைக் குவித்துப் பிடித்துக் குடித்தேன். பல்லுக்குள் குளிர் இறங்கியது. லேசாக இலை வாசம். அக்காவும் குடித்தாள். "இது நம்ம ஆத்துத் தண்ணிதாண்டி" என்றாள். இருவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். மகன் எங்களை விசித்திரமாகப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த நொய்யல் வேறு.

கைதட்டி சுனையில் கை தட்டினால் நீர் சுரக்கும் என்பார்கள். எல்லோரும் தட்டினார்கள், நானும் தட்டினேன். நீர் வந்துகொண்டுதான் இருந்தது. கைதட்டலுக்கு வந்ததா என்று நான் ஆராயப் போவதில்லை.

அதற்கு மேல் காடு மாறுகிறது. சோலைக்குள் குளிரும் ஈரமும் ஒன்றாகக் கலந்து, மேலே போட்டிருந்த ஸ்வெட்டர் ஈரமாகிவிட்டது. ஒட்டர் சித்தர் சமாதியில் யாரோ விளக்கு வைத்திருந்தார்கள். அப்பால் மரங்கள் விலகி, புல்வெளி. இரண்டே முக்கால் வாக்கில் நிலா மேற்கே இறங்கிவிட்டது. இருட்டில் பீமன் களியுருண்டை என்று ஒரு பாறையைக் காட்டினார்கள். பீமனுக்குக் கிண்டிய ராகிக் களி கல்லானதாம். "நான் கிண்டுற களி மாதிரியே இருக்குது" என்றாள் அக்கா.

அங்கே உட்கார்ந்து அவள் மலைக்கதையைச் சொன்னாள். தெற்குக் கோடியில் ஒரு கன்னி, சிவனையே கட்டுவேன் என்று காத்திருந்தாள். சாமியும் கிளம்பினார். விடிவதற்குள் வர முடியவில்லை. அவள் கன்னியாகுமரியாக நின்றுவிட்டாள். அந்தத் துக்கம் தாங்காமல் சாமி இந்த மலைமேல் வந்து உட்கார்ந்தாராம். இத்தனை நாள் வீட்டுக்காரர் வாயால் கேட்ட கதைதான். அக்கா சொன்னபோது வேறு மாதிரி இருந்தது. "காத்திருந்தவ அங்க கடற்கரையில நிக்கிறா. லேட்டா வந்தவருக்கு ஏழு மலை!" என்று சொல்லிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மன்னிச்சுக்கோ ஆண்டவா" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆண்டி சுனையில் முழுக்குப் போட்டுவிட்டுத்தான் ஏழாவது மலை ஏறுவார்கள். வாலிபர்கள் குதித்து, அலறி, எழுந்து ஓடினார்கள். நாங்கள் தலையில் மூன்று கை தெளித்துக்கொண்டோம். அதுவே உச்சந்தலையில் ஆணி அடித்த மாதிரி இருந்தது.

ஏழாவதில் படி இல்லை. செங்குத்தாக மண்ணும் கல்லும். காற்று ஆளைத் தள்ளுகிறது. இங்கே நான் எழுதுவதற்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் எதையும் பார்க்கவில்லை. முன்னால் போகிறவருடைய குதிகாலையும் என் தடியின் முனையையும் மட்டுமே பார்த்தேன். நமச்சிவாய என்று சொன்னேனா, அம்மா என்று முனகினேனா, நினைவில்லை.

பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தாங்கிக்கொண்டிருக்கும் இடுக்குதான் கோயில். கோபுரம் இல்லை, கதவு இல்லை. சுற்றிலும் பக்தர்கள் நட்ட சூலங்களும் கட்டிய மணிகளும். காற்றில் மணி தானாக அடித்துக்கொண்டே இருந்தது. வரிசையில் நின்று, குனிந்து உள்ளே போனேன். குனிந்த அந்தக் கணத்தில் காற்றின் சத்தம் சட்டென்று நின்றது. உள்ளே எண்ணெய் வாசம், வில்வ வாசம், ஒரு விளக்கு. சுயம்புவாக எழுந்த சின்ன லிங்கம். யாரும் செதுக்காதது.

கேட்க வேண்டியதைப் பட்டியலாக மனதில் வைத்திருந்தேன்: மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, அவருடைய முட்டி. ஒன்றும் வாயில் வரவில்லை. "வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன். பூசாரி விபூதி கொடுத்து, "நகருங்கம்மா" என்றார். மொத்தம் கால் நிமிடம் இருக்கும்.

வெளியே வந்தபோது கிழக்கே, கோயம்புத்தூர் விளக்குகளுக்கு அப்பால் வெளுத்துக்கொண்டு வந்தது. மறுபக்கம் மலைமேல் மலையாகக் கேரளம். கீழே மடிப்புக்குள் சிறுவாணி நீர்த்தேக்கம் தகடு மாதிரி மின்னியது. சூரியன் எழுந்ததும் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அக்கா அழுதாள். நான் முந்தானையில் மிச்சமிருந்த முறுக்கைத் தின்றேன். அவ்வளவு பசி.

ஏழு மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

ஒன்பது வருடம் போய்வந்து ஒன்பது வருடமும் கதை சொன்ன மனுஷன், ஏறியதைச் சொன்னார், சுனையைச் சொன்னார், குகையைச் சொன்னார். இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏறும்போது வலிப்பது மூச்சு. உட்கார்ந்தால் திரும்ப வந்துவிடும். இறங்கும்போது வலிப்பது முட்டி, தொடை, கால் பெருவிரல் நகம். உட்கார்ந்தால் எழ முடியாது. வெயில் ஏறிவிட்டது. வெண்மண் பரவிய இடத்தில் ஒரு பிடி அள்ளி விபூதியாக முடிந்துகொண்டதைத் தவிர வேறெதற்கும் நான் நிற்கவில்லை. நின்றால் தொடை நடுங்கியது. ஒவ்வொரு படிக்கும் உடம்பு முழுக்கத் தடிமேல் விழுந்தது. முதல் மலையின் படிகளுக்குத் திரும்பியபோது பின்பக்கமாக இறங்கினேன், பக்கவாட்டில் இறங்கினேன், இரண்டு இடத்தில் உட்கார்ந்தே இறங்கினேன். எதிரே ஏறி வந்த ஒரு சின்னப் பெண்குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நாற்பது வருடம் கழித்து வா கண்ணு, சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்கு அடிவாரம். அவர் கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், அதே இடத்தில். பக்கத்தில் பிளாஸ்க். ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. மேலே சிக்னல் கிடைக்காமல் மகனுக்கு 17 தடவை போன் அடித்திருக்கிறார். டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கூட்டமா, காத்தா, உள்ள நல்லாப் பாத்தியா, கால் வலிக்குதா என்று அடுக்கினார். வருடாவருடம் நான் கேட்ட கேள்விகள், அதே வரிசையில்.

"எறங்கறது இப்பிடி இருக்கும்னு ஏனுங்க சொல்லவே இல்ல?"

கொஞ்சம் யோசித்தார். "எறங்கி வந்தா நீ இங்க உக்காந்திருப்பியா, டீ குடுப்பியா... அப்புறம் அது நெனப்புலயே இருக்காது" என்றார்.

20 ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீடு வந்தோம். இரண்டு நாள் மாடிப்படி ஏறவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. என் தடியைத் துடைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன், அடிமுனை நார் நாராகப் பிளந்து, தேய்ந்த விளக்குமாறு போல இருந்தது. ஏறி முடித்தபோது அது முழுசாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூலையில் இருந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்பதும் பிளந்திருந்தன. ஒன்பதாவது, முட்டி கெடுவதற்கு முந்தின வருடத்துத் தடி, ஒரு சாண் நீளத்துக்கு.

இத்தனை வருடமும் தலைக்குத்தான் விபூதி பூசியிருக்கிறேன். அன்றைக்கு அடிமுனைக்கும் பூசினேன். பத்தையும் சாய்த்து வைக்க மூலையில் இடம் போதவில்லை. அவர் ஒரு ஆணி அடித்து, கயிறு கட்டிக் கொடுத்தார்.