ஐந்து சதவீதம்

"வரம்பை ஐந்து சதவீதத்தில் வைத்துவிடலாமே, அக்கா. அவர்கள் உள்ளே வரவே முடியாது. நாம் வந்துவிடுவோம்."

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியின் செய்தி இது. வரம்பு என்றால், அதற்குக் கீழே வாக்கு வாங்கும் கட்சிக்கு இடமே கிடையாது என்று வைக்கும் எல்லை. குழுவில் எல்லோரும் பார்க்க எழுதவில்லை, எனக்குத் தனியாகத்தான் அனுப்பியிருந்தார். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. நான் அனுப்பிய பதிலையும் அதன் பிறகு நடந்ததையும் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் நான் செய்தது சரி என்று தோன்றுகிறது, மறுநாள் அப்படித் தோன்றுவதில்லை. யார் 'நாம்', யார் 'அவர்கள்' என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரை அந்தக் கட்சிகளைப் பற்றியதாகிவிடும்.

விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம், அதாவது வாங்கிய வாக்கு சதவீதத்துக்கு ஏற்ற இடங்கள், கேட்கிற குழுவுக்கு இணையத்தில் ஆள் சேர்ப்பதுதான் என் வேலை. போன தேர்தலுக்கு முன்பு எங்களிடம் இருந்தவர்கள் ஒரு தனி ரகம். இடங்களைப் பிரிக்க டி'ஹோண்ட் முறையா, செயின்ட் லாகுவே முறையா என்று விடிய விடியச் சண்டை போடுவார்கள். மறுநாள் காலை அதே இருவர் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். அருமையான மனிதர்கள், ஆனால் அவர்களை வைத்து ஒரு மனுவுக்குக் கையெழுத்து சேர்க்க முடியாது.

தேர்தல் முடிவு வந்ததும் கூட்டம் வந்தது. எங்களிடம் ஏற்கெனவே தயாராக இருந்த ஒரு படத்தைத்தான் எல்லோரும் பகிர்ந்தார்கள். 2014 மக்களவைத் தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சி நாடு முழுவதும் 2 கோடிக்கும் மேல் வாக்கு வாங்கியது. வாக்கு சதவீதத்தில் மூன்றாவது இடம், ஆனால் ஒரு எம்.பி.கூட இல்லை. பக்கத்திலேயே 2024 பிரிட்டன் தேர்தல்: 34 சதவீதத்துக்கும் குறைவான வாக்கில் தொழிலாளர் கட்சிக்கு 650இல் 411 இடங்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற யாருக்கும் சுருக்கென்று இருக்கும். ஆனால் அதைப் பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் பகுஜன் சமாஜுக்காகவோ பிரிட்டனுக்காகவோ வருத்தப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். தோற்ற வலிக்கு அது ஒரு மருந்தாக இருந்தது. தெரிந்தேதான் அதை நான் திரும்பத் திரும்பப் போட்டேன். வேலையே அதுதானே.

அந்தத் தம்பி அப்படி வந்தவர்தான். வந்த வேகத்தில் நூற்றுக்கணக்கானவர்களைக் கூட்டி வந்தார். குரல் அரங்கம் நடத்தினார். நாங்கள் பாடப்புத்தக நடையில் எழுதி வைத்திருந்த விளக்கங்களை எல்லாம் ஒரு நிமிட வீடியோக்களாக மாற்றினார். இப்படி ஒருவர் கிடைக்க மாட்டாரா என்றுதான் நான் அதுவரை ஏங்கியிருந்தேன்.

அவர்தான் அட்டவணை கேட்டார். விகிதாச்சார முறை இருந்திருந்தால் தன் கட்சிக்கு எத்தனை இடம் வந்திருக்கும்? போட்டுக் கொடுத்தேன். அதை ஒரு கட்சிக்கு மட்டும் போட முடியாது, மொத்த இடங்களும் யாரிடமாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். எனவே எல்லாக் கட்சிகளும் அட்டவணையில் இருந்தன. முறை மாறினால் மக்கள் வாக்களிப்பதும் கட்சிகள் கூட்டு சேர்வதும் மாறிவிடும், இது வெறும் கூட்டல் கழித்தல்தான் என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். அந்த வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கீழே இருந்த ஒரு வரிசையை மட்டும் எல்லோரும் படித்தார்கள். புதிதாக வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆகவே ஆகாத ஒரு கட்சி, நாலரை சதவீதம் போல வாங்கி ஓரிடமும் இல்லாமல் நின்றது. என் அட்டவணையில் அதற்கும் கணிசமாக இடம் வந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த ஐந்து சதவீதச் செய்தி வந்தது. தம்பியின் கட்சி எட்டு சதவீதத்துக்கு அருகில் இருந்தது.

நான் கேட்டேன்: "உங்கள் கட்சி நாலு சதவீதம்தான் வாங்கியிருக்கிறது என்று வையுங்கள். அப்போது வரம்பு எவ்வளவு?"

"அப்போ மூணு."

மழுப்பவே இல்லை. இவ்வளவு நேர்மையாக ஒருவர் பதில் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். நானோ, "அப்படியென்றால் இந்தக் குழுவில் உங்களுக்கு என்ன வேலை?" என்று எழுதினேன். பார்த்துவிட்டதற்கான நீலக்குறி வந்தது, பதில் வரவில்லை. அந்த வாரமே விலகிப்போனார். அவரோடு வந்தவர்கள் கொத்துக் கொத்தாகப் போனார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கத்தான் வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். பிடிக்காத கட்சிக்கும் அதன் வாக்குக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பதில்தான் இந்தக் கோரிக்கையே நிற்கிறது. பிரிட்டனில் 2015இல், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறக் கேட்ட யுகிப் கட்சி 12.6 சதவீதம் வாங்கி ஒரே ஓரிடம் பெற்றது. அந்தக் கட்சியை அடியோடு வெறுத்துக்கொண்டே, இது அநியாயம் என்று சொல்ல முடிந்தவர்தான் சீர்திருத்தவாதி. அதைச் சொல்ல முடியாதவர் அடுத்த தேர்தலில் தன் கட்சி ஜெயித்ததும் போய்விடுவார். கனடாவில் ஒரு பிரதமரே அப்படித்தானே போனார்? பழைய முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் 2015தான் என்று சொல்லி வாக்குக் கேட்ட ட்ரூடோ, 39.5 சதவீத வாக்கில் 338இல் 184 இடங்களைப் பிடித்தார். 2017 பிப்ரவரியில் சீர்திருத்தத்தைக் கைவிட்டார்.

இதுவரைக்கும் என் பக்கம் வலுவாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தத் தம்பி கேட்டது தவறான கேள்வியே இல்லை. விகிதாச்சார முறை உள்ள நாடுகளில் பலவற்றில் வரம்பு இருக்கிறது, எல்லா இடத்திலும் அதை யாரோ ஒருவர் யாரையோ மனதில் வைத்துத்தான் போட்டிருக்கிறார். ஜெர்மனியில் ஐந்து. துருக்கியில் ராணுவ ஆட்சிக்குப் பிறகு வந்த பத்து, 2022இல்தான் ஏழானது. அந்தப் பத்தின் புண்ணியத்தில் 2002 தேர்தலில் இரண்டே கட்சிகள் நாடாளுமன்றத்துக்குள் போயின, கிட்டத்தட்ட 45 சதவீத வாக்குக்குப் பிரதிநிதியே இல்லை. இஸ்ரேல் 2014இல் வரம்பை 3.25 ஆக உயர்த்தியபோது அது சிறிய அரபுக் கட்சிகளைக் குறிவைத்தது என்றார்கள். அந்தக் கட்சிகள் ஒன்றுசேர்ந்து மறு ஆண்டு 13 இடங்களோடு மூன்றாவது பெரிய அணியாக வந்து உட்கார்ந்தன. நியூசிலாந்தில் தேர்தல் முறையை ஆராய அரசு அமைத்த ராயல் கமிஷன் நாலு போதும் என்றது, சட்டத்தில் ஐந்தாகிவிட்டது. நாடாளுமன்றங்களே போடுகிற கணக்கைத்தான் அவரும் போட்டார். என்ன, அவர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார், அதுவும் குழுவுக்கு ஆள் சேர்க்கும் வேலையில் இருக்கிற என்னிடம்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நியூசிலாந்தைத்தான் அவரும் எடுத்தார். அங்கே 1978லும் 1981லும் நாடு முழுவதும் அதிக வாக்கு வாங்கிய தொழிற்கட்சி இரண்டு முறையும் ஆட்சியைப் பிடிக்க முடியவில்லை. அந்தக் காயத்தோடு 1984இல் ஆட்சிக்கு வந்த பிறகுதான் ராயல் கமிஷனே அமைத்தார்கள். 1993இல் பொதுவாக்கெடுப்பு ஜெயித்தது, 1996இல் புதிய முறையில் தேர்தல் நடந்தது. "கொள்கைக்காக வந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நாட்டில் முறை மாறியிருக்கிறது, சொல்லுங்கள். தோற்றவன்தான் மாற்றம் கேட்பான். ஜெயித்தவனுக்கு இந்த முறையில் என்ன குறை?" என்றார். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்தத் தொழிற்கட்சியின் தலைவர்களிலேயே பலருக்குப் பிறகு இந்த மாற்றம் பிடிக்கவில்லை, தொடங்கி வைத்தவர்களின் காயம் ஆறிய பின்னும் மக்கள் கோபம்தான் அதை முடித்து வைத்தது என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. அதுவும் ஒருங்கிணைப்பாளர் பக்க வாதமாகத்தான் முடிகிறது. கோபம்தானே அதுவும்.

பழைய உறுப்பினர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எல்லோருக்கும் அவர் ஐயா. நான் செய்ததை அவராவது ஆதரிப்பார் என்று நினைத்தேன். ஆதரித்தார்தான். அப்புறம், "உங்கள் வரம்பு எவ்வளவு அம்மா?" என்று கேட்டார்.

மூன்று என்றேன். நான் எப்போதுமே மூன்று என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன், அதற்குக் காரணங்களும் வைத்திருக்கிறேன். சிதறலும் கூடாது, வாக்கும் வீணாகக் கூடாது, இத்யாதி. அன்று இரவு குழுவின் பழைய விவாதங்களைத் தேடி, வரம்பு பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்று படித்தேன். கட்சிச் சாய்வு எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன எண், அவரவர் கட்சி வாங்கியதற்குச் சற்றுக் கீழே நின்றது. டி'ஹோண்ட் சண்டைக்காரர்கள் உட்பட. நான் யாருக்கு வாக்களிக்கிறேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் என் மூன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தேன், பார்த்துவிட்டுக் கணினியை மூடினேன்.

அந்தத் தம்பி இப்போது தனியாக ஒரு குழு நடத்துகிறார். எங்களுடையதைவிடப் பெரியது. விகிதாச்சார முறை கேட்டு மனு தயாரித்து, எங்கள் பெயரையும் சேர்க்கலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டிருக்கிறார்கள். மனுவில் வரம்பு ஐந்து. சேரலாம் என்றுதான் நானும் சொன்னேன், ஒரே ஒரு திருத்தத்தோடு: எண்ணை எடுத்துவிட்டு, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த குடிமக்கள் அவை அதை முடிவு செய்யட்டும் என்று போடலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2004இல் அப்படி 160 பேரை உட்காரவைத்துப் புதிய தேர்தல் முறையையே வடிவமைத்தார்கள். மறு ஆண்டு வாக்கெடுப்பில் 57.7 சதவீதம் பேர் அதை ஆதரித்தார்கள், தேவை 60 என்று வைத்திருந்ததால் தோற்றது. "அங்கேயும் ஒரு வரம்பு" என்றார் ஐயா.

திருத்தத்துக்குத் தம்பி எனக்கே நேரடியாகப் பதில் போட்டார், பழசு எதையும் குறிப்பிடாமல். "நல்ல யோசனை அக்கா. ஆனால் குலுக்கலில் அவங்க ஆளுங்களே நிறைய வந்துட்டா?"

ஐயாவிடம் காட்டினேன். நிகழ்தகவுக் கணக்கோடு ஒரு நீண்ட பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்.