ஓரியூர்ச் செம்மண்ணும் என் சாவு பயமும்

இதய வால்வு பழுதாகிவிட்டது, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்யணும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. கண்ணை மூடினால் எங்கள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருக்கிற மாதிரி தெரியும், அதில் பிள்ளைகள் இரண்டும் எங்கே நிற்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருப்பேன். செபமாலையைக் கையில் எடுத்தாலும் பாதியில் நின்றுவிடும். அக்காதான், "ஓரியூர் போய்ட்டு வந்துருவோம் வா தம்பி" என்றாள். சாகப் பயப்படுகிறவனைப் புனித அருளானந்தர் தலையை வெட்டின இடத்துக்கா கூட்டிட்டுப் போவாங்க என்று கேட்டேன். முறைத்தாள். கிளம்பிவிட்டோம்.

மதுரையிலிருந்து சிவகங்கை, காளையார்கோவில் வழியாகத் திருவாடானை வரை பஸ், அப்புறம் ஆட்டோ. வழியெல்லாம் சீமைக்கருவேலம். கோவில் வளாகத்தில் ஒரு பக்கம் மொட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் கிடா வெட்டிச் சமையல் நடந்தது, நெற்றியில் திருநீறு வைத்த குடும்பங்களும் நிறைய. புனித அருளானந்தர் அவர்களுக்கும் சாமிதான்.

அவர் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1647-ல் லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ, போர்ச்சுகல் அரண்மனையில் வளர்ந்தவர். இயேசு சபைச் சாமியார்கள் வேதம் போதித்துவந்த மதுரை மிஷனுக்கு வந்து காவி உடுத்திப் பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார். 1686-லேயே பிடித்துச் சித்திரவதை செய்து, இந்தச் சீமைப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லித்தான் விட்டார்கள். ஊருக்குப் போனவர் அரண்மனையிலேயே சுகமாக இருந்திருக்கலாம், ராஜாவே சின்ன வயசுத் தோழர். ஆனால் திரும்பி மறவர் சீமைக்கே, அதாவது இந்த ராமநாதபுரம் பக்கத்துக்கே வந்தார். இங்கே சிற்றரசராக இருந்த தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க, அதில் ஒருத்தி ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதிக்கு உறவு. அதுதான் வினையாக முடிந்தது. 1693 பிப்ரவரி 4-ம் தேதி பாம்பாற்றங்கரையில் வெட்டினார்கள். அன்று சாம்பல் புதன். 'மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்' என்று கோவில்களில் நெற்றியில் சாம்பல் பூசுகிற நாள்.

முந்தின நாள் சிறையிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். மையும் எழுதுகோலும் ஏது, கரியைத் தண்ணீரில் குழைத்து ஒரு துரும்பால் எழுதினாராம். சாவை ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறேன், இதற்காகத்தான் இத்தனை நாள் செபித்தேன் என்கிற மாதிரி வரும். எனக்கு இதைப் படிக்கிறபோதெல்லாம் ஆறுதலைவிடக் கூச்சம்தான் வரும். அவருக்கு அப்போது வயது 45, எனக்கும் கிட்டத்தட்ட அதே வயது. அவர் ஆவலோடு இருந்தார், நான் ஈசிஜி எடுக்கப் போனாலே உள்ளங்கை வேர்க்கிறவன். விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் தைரியத்தைப் பிரசங்கத்தில் கேட்க நன்றாக இருக்கும், நோயாளிக்கு அது கொஞ்சம் பாரம்.

செம்மண் இருக்கிற இடத்தில் குனிந்து ஒரு பிடி எடுத்தேன். பொடியாக, விரல் இடுக்கில் ஒட்டிக்கொள்கிற சிவப்பு. அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பது மக்கள் விசுவாசம், நெற்றியில் பூசுகிறார்கள், பொட்டலம் கட்டி வீட்டுக்கும் எடுத்துப் போகிறார்கள். நானும் பூசிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அங்கே ஏனோ அருளானந்தரைவிட பிடிபட்ட ராத்திரி கெத்செமனித் தோட்டத்தில் செபித்த இயேசுதான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் ஆவலோடு போகவில்லையே, இந்தக் கிண்ணம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கெஞ்சினார், வியர்வை ரத்தத் துளியாக விழுந்தது, துணைக்குக் கூட்டிப்போன சீடர்கள் தூங்கிப்போனார்கள். கடவுளுடைய மகனே பயந்திருக்கிறார் என்றால் நான் பயப்படுவது விசுவாசக் குறைவு ஆகாதே! இத்தனை வருஷமாகப் பெரிய வியாழன் தோறும் கேட்கிற வாசகம்தான், ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு எழுதின மாதிரி இருந்தது.

பின்னால் யாரோ செபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்' எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மாதாவிடம் கேட்பது வரும் இல்லையா, அதைப் பால்குடி மறந்த நாளிலிருந்து தினமும் சொல்லிவருகிறேன். அந்த நேரத்துக்கு வேண்டிய துணையை இத்தனை வருஷமாக முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. அக்கா பார்க்காத மாதிரி இருந்தாள். ஐம்பத்துமூன்று மணியும் அன்றைக்கு நிற்காமல் முடிந்தது.

பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. தனியாகப் பயப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன், சாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கிற நோயில்பூசுதல் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அம்மாவிடம் சொன்னதும், "ஐயோ, அவஸ்தையா?" என்று தலையில் கைவைத்துவிட்டார்கள். பழைய ஆட்களுக்கு அது சாகக் கிடக்கிறவர்களுக்குத் தருவது. அப்படி இல்லை, பெரிய நோய், பெரிய ஆபரேஷன் என்றாலே வாங்கிக்கொள்ளலாம், குணமாகவும் அதில்தான் வேண்டுகிறார்கள் என்று பங்குச் சாமியாரே போனில் விளக்கின பிறகுதான் அடங்கினார்கள். இப்போது மேஜைக்கு வெள்ளைத் துணி, மெழுகுதிரி, பாடுபட்ட சுரூபம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, சாமியாருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மீனா கோழியா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.