மணிக்குத் தனிச் சட்டி

முந்தாநாள் ஊட்டியிலிருந்து வந்த சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள், எங்கள் நாய் மணிக்கு ஆசையாக ஒரு பெரிய துண்டு டார்க் சாக்லேட் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ராத்திரி முழுக்க வாந்தி, ஓரிடத்தில் படுக்கவே இல்லை. நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று அடித்தது. குன்னூர் மழையில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுநாள் அவன் வாலை ஆட்டியபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற வேதிப்பொருள் நாயின் உடம்பிலிருந்து மிக மெதுவாகத்தான் வெளியேறும். சாக்லேட்டின் கறுப்பு கூடக்கூட ஆபத்தும் கூடும். திராட்சை, உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நம் வீட்டுக் குழம்புச்சோற்றில் இரண்டுமே இருக்கிறதே! வெந்த கோழி எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

மணிக்கு இப்போது தனிச் சட்டி. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழி, கொஞ்சம் சோறு, அப்புறம் நம்ம ஊர் கேரட். கோழியும் சோறும் மட்டும் கொடுத்தால் கால்சியம் போதாது என்பதால் அதையும் டாக்டரிடம் கேட்டு அளவாகச் சேர்க்கிறோம். இதை எழுதும்போது காலடியில் கிடந்து கேரட்டைக் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டிருக்கிறான்.

விருந்தாளிகள் வந்தால் சாக்லேட் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள்.