ஓடுதளம் சூழ்ந்த அரங்கில் எங்கே அமர்வது?

சென்னை ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்சி கால்பந்து அணி ஆடியதை முதன்முதலாகப் பார்க்கச் சென்றபோது, கோல் கம்பத்துக்குப் பின்புறம், கீழ் வரிசை ஒன்றில் டிக்கெட் எடுத்திருந்தேன். கார்னரிலிருந்து வந்த பந்து உள்ளே போய் வலை அசைந்தது தெரிந்தது. தலையால் முட்டியவர் யார் என்பதைப் பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசியில்தான் தெரிந்துகொண்டேன்.

காரணம், ஆடுகளத்தைச் சுற்றியுள்ள தடகள ஓடுதளம். 400 மீட்டர் ஓடுதளத்தின் நேர்ப்பகுதிகளுக்கு இடையே 73 மீட்டர் அகலம் உண்டு. 68 மீட்டர் அகல ஆடுகளம் அதில் ஏறக்குறைய முழுதாக அடங்கிவிடுவதால், எட்டுத் தடங்களையும் சேர்த்தால் பக்கக்கோட்டுக்கும் பார்வையாளருக்கும் இடையே சுமார் 12 மீட்டர்தான். ஆனால் வளைவுப் பகுதியில், கோல் கோட்டுக்குப் பின்னால் மட்டும் 26 மீட்டர் வெற்றிடம், அதன்பின் தடங்கள் ஏறத்தாழ 10 மீட்டர். முதல் வரிசையில் இருப்பவருக்கே எதிர்முனைக் கோல் 140 மீட்டருக்கு அப்பால்! கொல்கத்தா சால்ட் லேக், பெங்களூரு கண்டீரவா அரங்கங்களிலும் ஓடுதளம் இருப்பதால் இதே கணக்குதான்.

ஆகவே இத்தகைய அரங்கில் பக்கவாட்டில், நடுக்கோட்டுக்கும் பெனால்டி எல்லைக்கும் இடையே, இயன்றவரை உயரத்தில் அமருமாறு சொல்வேன். தாழ்வான வரிசையிலிருந்து பார்த்தால் இருபத்திரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டியதுபோலத் தெரிவார்கள். மேலே ஏறியதும் அவர்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் திறந்துகொள்கின்றன: தற்காப்பு வீரர்கள் நால்வரும் ஒரே கயிற்றில் கோத்தாற்போல் இரண்டடி முன்னேறுவதும், பந்து காலைவிட்டுப் பிரியும் நொடியில் முன்கள வீரர் ஆஃப்சைடில், அதாவது தற்காப்பு வரிசையைத் தாண்டி நின்று, சிக்குவதும், லைன்ஸ்மேன் கொடி உயருமுன்பே நமக்குத் தெரிந்துவிடும். தொலைக்காட்சி பந்தைத் துரத்துவதால் காட்டத் தவறும் இந்த அசைவுகளுக்காகத்தான் நான் அரங்குக்கே செல்கிறேன்.

மேல்மாடத்தின் முதல் வரிசையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; அங்கே கைப்பிடிக் கம்பி கண்மட்டத்தில் குறுக்கே நிற்கக்கூடும். மாலை 5 மணி ஆட்டமாயின் மேற்குப் பக்கம் நல்லது, வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

கோலுக்குப் பின்னாலுள்ள இருக்கைகளை நான் முற்றாக ஒதுக்கவில்லை. முரசு முழங்க, தொண்ணூறு நிமிடமும் நின்றபடி பாடும் ரசிகர் கூட்டம் அங்கே திரண்டிருக்குமானால், அவர்களோடு நிற்பதற்காக ஓர் ஆட்டத்தின் நுணுக்கங்களை மனமார விட்டுக்கொடுப்பேன். வீட்டிலிருந்து முதன்முறையாக ஒருவரை அழைத்துச் செல்லும் நாளில் மட்டும் மேல்மாடத்துப் பக்கவாட்டு இருக்கையையே எடுப்பேன்.